எலுமிச்சை பறந்த பிறகு: மூன்று பிரெஞ்சு பெர்ஃப்யூம்களில் எதை வாங்குவது?

இனிப்பு வழியக் கூடாது. ஆபீஸுக்கும் போட வேண்டும், கல்யாண வீட்டுக்கும் போட வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு என்று பளிச்சென ஆரம்பித்து மரவாசத்தில் போய் அடங்க வேண்டும். இப்படி ஒரு ஆண்கள் பெர்ஃப்யூம் தேடினால், விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் பெயர்கள் சுற்றிச் சுற்றி மூன்றில் வந்து நிற்கும்: 1959இல் வந்த கெர்லானின் வெட்டிவேர், 1966இல் வந்த டியோரின் ஓ சோவாஜ், 2006இல் வந்த ஹெர்மெஸின் டெர் டெர்மெஸ். மூன்றும் பாரிஸ் நிறுவனங்கள், மூன்று வாசனையும் இன்றும் தயாரிப்பில் இருக்கின்றன. விலையும் பல ஆயிரம் ரூபாய். அதனால் ஒன்றை வாங்கிவிட்டு 'பேசாமல் அதை வாங்கியிருக்கலாமோ' என்று யோசிக்கும் வசதி நம்மில் பலருக்குக் கிடையாது.

கடையில் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்து பார்த்தால் மூன்றும் பிடித்துப்போகும். சிக்கலே அங்கேதான். முதல் பத்து நிமிடம் எலுமிச்சை, பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம்), ஆரஞ்சு எல்லாம் சேர்ந்து மூக்கைக் கிள்ளும்போது யாருக்குத்தான் பிடிக்காது? ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். மிகச் சின்ன மூலக்கூறு, சூடான தோலில் பட்டதும் கிளம்பிவிடும். அரைமணி நேரத்தில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். மரங்களிலிருந்தும் வேர்களிலிருந்தும் வரும் வாசனைப் பொருள்கள் கனமானவை. அவை உட்கார்ந்து, நிதானமாகத்தான் எழுந்து வரும். ஆகவே நாம் காசு கொடுப்பது எலுமிச்சைக்கு, ஆனால் நாள் முழுக்கக் கூட வரப்போவது மரம்.

இது பெர்ஃப்யூம் செய்கிறவர்களுக்கும் பழைய தலைவலி. ஜெர்மனியின் கொலோன் நகரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபாரினா என்ற இத்தாலியர் விற்ற சிட்ரஸ் (எலுமிச்சை, ஆரஞ்சு இனம்) வாசனை நீர்தான் 'ஓ டி கொலோன்' என்று பேர் வாங்கியது. அது நிற்காது, நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தீர்ந்தால் மறுபடி கை நிறைய ஊற்றித் தேய்த்துக்கொள்வார்கள். காலையில் ஒரு தடவை அடித்துக்கொண்டு கிளம்புகிற நமக்கு அது சரிப்படாது. எலுமிச்சை போன பிறகு அந்த இடத்தில் எதை நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்த மூன்று பாட்டில்களும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. எதை வாங்குவது என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயதில் மூத்தது கெர்லான் வெட்டிவேர். 1828இல் குடும்ப நிறுவனமாகத் தொடங்கியது அது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான்-போல் கெர்லான் தன் இருபதுகளின் தொடக்கத்தில் இதைச் செய்தார். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதன் அடிவாசத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் பெயரைப் பார்த்து அதே வாசனையை எதிர்பார்த்துப் போனால் முதலில் ஏமாற்றம்தான். ஆரம்பத்தில் எலுமிச்சையும் பெர்கமோட்டும் சோப்புப் போட்டுக் குளித்து வந்ததுபோல் சுத்தமாக வரும். ஏர்ல் கிரே தேநீர் குடித்தவர்களுக்கு பெர்கமோட் தெரிந்திருக்கும். அடுத்து ஜாதிக்காயும் மிளகும். அவற்றின் பின்னால் காய்ந்த புகையிலை. வேர் தலைகாட்டுவதற்கு இருபது நிமிடமாவது ஆகும். அதுவும் தண்ணீரில் ஊறிய மென்மையோடு வராது. ஆவியில் வடித்த வெட்டிவேர் எண்ணெயில் மண்ணும் லேசான புகையும் ஒரு கசப்பும் கூடவே இருக்கும். உலகச் சந்தைக்கு வரும் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பங்கு இன்று கரீபியக் கடலில் உள்ள ஹைட்டியிலிருந்து வருகிறது. ஹைட்டி எண்ணெய் சுத்தமாக இருக்கும், ஜாவா எண்ணெயில் புகை தூக்கலாக இருக்கும் என்பது தொழிலில் இருப்பவர்கள் பேச்சு.

இதன் பலமும் பலவீனமும் நமக்கு ஒன்றேதான். பழகிய வாசனை என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொள்ளும். 'கடலூர்ப் பக்கம் மணல்காட்டில் விளைகிற வேர்தானே, இதுக்கா இத்தனை ரூபாய்' என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் சொல்வதும் கஷ்டம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேரின் வாசம் மட்டும் போதும் என்பவர்களுக்கு, உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்புப் பாத்திரத்தில் வடிக்கும் ரூ கஸ் என்ற வெட்டிவேர் அத்தர் ஒரு துளியே போதும். கெர்லானுக்குக் கொடுக்கும் காசு வேருக்கு இல்லை. எலுமிச்சை, புகையிலை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்து அந்த வேருக்கு இஸ்திரி போட்டு, ஆபீஸுக்குப் போகிற மாதிரி அனுப்பி வைக்கின்றன. காசு அந்த வேலைக்கு.

ஓ சோவாஜுக்கு வருவோம். வாங்கப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. கடையில் வெறுமனே 'சோவாஜ்' என்று கேட்டால் கையில் கொடுப்பது 2015இல் டியோர் வெளியிட்ட வேறொரு பெர்ஃப்யூம். ஜானி டெப் விளம்பரத்தில் வருவாரே, அதுதான். கருநீல பாட்டில், மிளகும் ஆம்ப்ராக்ஸான் என்ற செயற்கை வாசனைப் பொருளும் தூக்கலான, பத்தடி தூரத்திலிருந்தே தெரியும் வாசனை. பெயரில் பாதி ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை. முன்னால் 'ஓ' (Eau) என்ற சொல் இருக்கிறதா, உள்ளே திரவம் வெளிர்மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதைச் செய்த எட்மோன் ருத்னிட்ஸ்கா, தெற்கு பிரான்சில் கிராஸ் நகருக்குப் பக்கத்தில் காப்ரி என்ற மலைக் கிராமத்தில் இருந்துகொண்டு வேலை பார்த்தவர். வாசனையில் சாமான்களைக் கொட்டிக் குவிப்பது அவருக்குப் பிடிக்காது. ஓ சோவாஜில் எலுமிச்சையும் பெர்கமோட்டும், அவற்றோடு திருநீற்றுப்பச்சிலை, ரோஸ்மேரி, லாவெண்டர் போன்ற இலை வாசங்களும் முன்னால் நிற்கும். அடியில் ஓக் மரப்பாசி, கொஞ்சம் வெட்டிவேர், மண்வாசம் வீசும் பச்சௌலி இலை. இதுவரை கேட்டால் நல்ல கொலோன் என்றுதான் தோன்றும். வித்தியாசம் நடுவில் இருக்கிறது. ஜெனீவாவின் ஃபிர்மெனிஷ் நிறுவனத்து வேதியியலர்கள் மல்லிகையின் வாசத்தை ஆராய்ந்த வழியில் உருவாக்கிய ஹெடியோன் என்ற பொருளை ருத்னிட்ஸ்கா இதில் துணிந்து பயன்படுத்தினார். ஹெடியோனைத் தனியாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. மல்லிகைச் சரத்தின் கனம் அதில் இல்லை. பூக்காரம்மா கூடையோடு தெருமுனை திரும்பிய பிறகும் காற்றில் கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த மிச்சம்தான் அது. ஆனால் எலுமிச்சையோடு சேர்ந்தால் அதன் வெளிச்சத்தை நீட்டிக்கும். எலுமிச்சை போய்விட்டது என்பதே உடனே தெரியாது. அதற்குப் பிறகு பல சிட்ரஸ் வாசனைகளில் ஹெடியோன் சர்வ சாதாரணமாகிவிட்டது. 1972இல் ருத்னிட்ஸ்காவே டியோருக்குச் செய்த டியொரெல்லா, பெண்களுக்காக வந்த இதன் தங்கை.

சரி, அப்படியானால் இதையே வாங்கிவிடலாமே? முதல் இரண்டு மணி நேரத்துக்கு இந்த மூன்றில் இதைவிட அழகானது இல்லை என்பது என் கட்சி. அதற்குப் பிறகு பாசியும் மெல்லிய பூவாசமும் தோலோடு ஒட்டிக் கிடக்கும், பக்கத்தில் வந்தால்தான் தெரியும். இதைப் போட்டுக்கொண்டு 'என்ன சென்ட்?' என்று நாலு பேர் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தால் நடக்காது. பழைய பாட்டிலைத் தெரிந்தவர்களிடம் இன்னொரு மனக்குறையும் உண்டு. ஓக் பாசிச் சாறில் இயற்கையாக இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவற்றைத் தடை செய்தது. 2021க்குப் பிறகு அவை உள்ள சரக்கை விற்கவும் கூடாது. இதனால் பாசியை நம்பியிருந்த பழைய வாசனைகள் பலவும் மாறவேண்டி வந்தது. முன்பிருந்த ஈரக்காட்டு இருட்டு இன்றைய பாட்டில்களில் குறைவுதான். அதற்காக இணையத்தில் 'விண்டேஜ்' என்று போட்டு விற்கும் பழைய பாட்டில்களுக்குப் பின்னால் அலைவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிட்ரஸ் எண்ணெய்கள் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் கெடும். எந்த அலமாரியில் எத்தனை கோடை பார்த்தது என்று தெரியாத பாட்டிலில் முதலில் செத்துப்போயிருப்பது அந்த எலுமிச்சையாகத்தான் இருக்கும்.

டியோர் 2012இல் கொண்டுவந்த ஓ சோவாஜ் பார்ஃபான் நிறைய நேரம் நிற்கும். ஆனால் அதில் வெள்ளைப்போளமும் வெட்டிவேரும் சேர்ந்து கனத்து, அது வேறு ஆளாகிவிட்டது. குளிர்காலத்து உடுப்பு. நம் ஊர் ஏப்ரலுக்கு அது வேண்டாம்.

மூன்றாவதான டெர் டெர்மெஸ் இன்னொரு பாதை. ஜான்-குளோத் எலெனா 2004இல் ஹெர்மெஸ் நிறுவனத்தின் சொந்த பெர்ஃப்யூமராகச் சேர்ந்தவர். ருத்னிட்ஸ்காவை முன்னோடியாகக் கொண்டவர். சின்னப் பட்டியலில் பெரிய வாசனை கட்டுவதில் பேர் பெற்றவர். இதில் எலுமிச்சை முன்வரிசையில் இல்லை. ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும்தான் தொடக்கம். கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். அப்புறம் மிளகு, ஜெரேனியம் இலை. அதற்குள்ளேயே சிக்கிமுக்கிக் கல்லை உரசினால் கிளம்பும் வறண்ட கல்வாசம் ஒன்று. கீழே செடார் மரம், வெட்டிவேர், பச்சௌலி, துளி சாம்பிராணி.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, ஆரஞ்சுக்கும் மரத்துக்கும் நடுவில் தையல் தெரியாத விதம். கெர்லானில் சிட்ரஸ் முடிந்து வேர் ஆரம்பிக்கும் இடத்தைக் கை வைத்துக் காட்டலாம். இங்கே முடியாது. மூன்றாவது மணி நேரத்தில் மணிக்கட்டை முகர்ந்தால் மரம் முழுசாக வந்திருக்கும், ஆனால் ஆரஞ்சுத் தோலின் கசப்பும் அதற்குள்ளேயே இருக்கும். இதற்கு ஒரு வேதியியல் சொந்தமும் உண்டு. கிரேப்ஃப்ரூட்டின் தனி வாசத்தில் பங்குள்ள நூட்கடோனும், வெட்டிவேர் எண்ணெயில் உள்ள ஆல்ஃபா வெட்டிவோனும் ஒரே அணுக்கள் வேறு வரிசையில் அமைந்த மூலக்கூறுகள். ஆல்ஃபா வெட்டிவோனுக்கு ஐசோநூட்கடோன் என்றே இன்னொரு பெயர் இருக்கிறது. பழத்தையும் வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை சண்டை போடாதது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றும். மீதி வேலையைச் செய்வது ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மரவாசம். 1970களில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பொருள் டெர் டெர்மெஸில் தாராளமாக இருக்கிறது. வறண்ட செடார் போல, கொஞ்சம் வெல்வெட் போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி நிற்கும்.

அந்தச் சந்தேகத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஐசோ ஈ சூப்பர் போட்டவருடைய மூக்குக்கே சீக்கிரம் மறைந்துவிடும். சிலருக்கு ஆரம்பத்திலிருந்தே சரியாகத் தெரியாது. 'வாசனை போயிடுச்சு' என்று மதியம் இன்னும் நாலு தடவை அடித்துக்கொண்டு ஏசி அறையில் மீட்டிங்குக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பாவம். இரண்டு தடவை அடியுங்கள், அதற்கு மேல் சந்தேகம் வந்தால் வீட்டில் யாரையாவது கேளுங்கள், உங்கள் மூக்கை நம்பாதீர்கள்.

டெர் டெர்மெஸ் குடும்பமும் பெருத்துவிட்டது. 2009இல் எலெனாவே செய்த பார்ஃபான் பதிப்பு கனமானது. எலெனாவுக்குப் பிறகு பொறுப்பேற்ற கிறிஸ்டீன் நாஜெல் 2018இல் செய்த ஓ ஆன்டான்ஸ் வெட்டிவேர் பதிப்பு, பெயருக்கேற்ப வேரைத் தூக்கிப் பிடிக்கும். 2022இல் ஓ ஜிவ்ரே என்று குளிர்ச்சியான ஒன்று வந்தது. முதல் முறை வாங்குகிறவர் இவற்றில் எதையும் தொட வேண்டாம். 2006இன் சாதாரணப் பதிப்பான, பார்ஃபானைவிட அடர்த்தி குறைந்த ஓ டி டாய்லெட்தான் முழு யோசனையும் இருக்கும் பாட்டில். அதன் ஒரே குறை, நிறையப் பேர் போடுகிறார்கள் என்பது. விமான நிலைய வரிசையில் உங்கள் வாசனையோடு இன்னொருவர் நிற்கலாம். அது பரவாயில்லை என்பவர்களுக்குத்தான் இது.

இந்த மூன்றோடு ஏன் நிறுத்திக்கொண்டேன் என்று கேட்பவர்களுக்கு: ஷனேலின் பூர் மொஸ்யூ (1955, ஆன்ரி ரொபேர் செய்தது) இந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதுதான். ஆனால் அது மரத்தைவிடப் பாசிப் பக்கம் சாய்ந்தது. ஆக்வா டி பார்மாவின் கொலோனியா நல்ல வாசனை, ஆனால் அது கொலோன். மரம் தேடி வந்தவருக்குப் பாதி வழியில் இறக்கிவிட்டது போலாகும்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பது தோலைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்தது. என் தோலில் டெர் டெர்மெஸ் ஒரு வேலை நாளைத் தாங்கும். கெர்லான் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டி வரும். ஓ சோவாஜ் அதற்கு முன்பே விடைபெறும். ஈரமும் வெயிலும் சேர்ந்த ஊரில் சிட்ரஸ் இன்னும் வேகமாகப் பறக்கும், மரம் இன்னும் உரக்கப் பேசும். அதனால் மே மாதத்தில் டெர் டெர்மெஸின் மிளகும் கல்வாசமும் சிலருக்குத் தொண்டையை அடைப்பதுபோல் இருக்கும். அந்த மாதத்தில் நான் எடுப்பது கெர்லான்தான். வியர்வையோடு சேர்ந்தாலும் வெட்டிவேர் முகம் சுளிக்காது. பருத்திச் சட்டையின் உட்புறக் காலரில் ஒரு தடவை அடித்தால் சிட்ரஸ் தோலில் நிற்பதைவிட நிறைய நேரம் நிற்கும். வெள்ளைச் சட்டை என்றால் ஓரத்தில் அடித்துக் கறை படுகிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனால் மூன்றையும் ஒரே நாளில் கையில் அடித்துக்கொள்ள வேண்டாம், எல்லாம் கலந்து எது எதுவென்று தெரியாமல் போகும். ஒரு மணிக்கட்டில் ஒன்று, இன்னொன்றில் மற்றொன்று, அவ்வளவுதான். விற்பனையாளர் ஆஃபர் இன்றோடு முடிகிறது என்று சொன்னாலும் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்து, அப்போது பிடித்திருந்தால் திரும்பிப் போங்கள். கடையே இல்லாத ஊர் என்றால் டீகேண்ட் விற்பவர்களிடம், அதாவது பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் பிரித்து விற்பவர்களிடம், 5 மில்லி குப்பி வாங்கலாம். ஆனால் அறிமுகம் இல்லாதவரிடம் வேண்டாம். மூன்றும் பிரபலமான பெயர்கள், போலிச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

என் முடிவு இது. சிட்ரஸும் மரமும் கடைசிவரை சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதைச் செய்து காட்டுவது டெர் டெர்மெஸ் மட்டும். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவீர்கள் என்றால் அதை வாங்குங்கள். மரத்துக்காகவே வந்தவர், அல்லது வருடத்தில் பாதி நாள் வியர்த்துக்கொண்டே இருப்பவர், கெர்லான் பக்கம் போகலாம். ஓ சோவாஜை இரண்டாவது பாட்டிலாகத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளுத்த சட்டை, எங்கும் போக அவசரமில்லை என்ற நாளில் அது தன் விலையை நியாயப்படுத்தும்.

பரிசாகக் கொடுப்பதென்றால் இந்தக் கணக்கு மாறும். முப்பது வயதுத் தம்பிக்கு டெர் டெர்மெஸ் கொடுத்தால் தப்பாகாது. ஷேவ் செய்ததும் கொலோனும் லாவெண்டரும் போட்டுப் பழகிய அப்பாவுக்கோ மாமனாருக்கோ கல்வாசமும் மிளகும் 'என்ன மருந்து நெடி' என்று தோன்றலாம். அவர்களுக்கு ஓ சோவாஜ் கொடுங்கள். சீக்கிரம் போய்விடுகிறது என்று அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள், மறுபடி போட்டுக்கொள்வார்கள்.